யோபுவின் எருதுகள்

திருவள்ளூரை அடுத்த காக்களூரில் இரவு என்று தனியே ஒன்று கிடையாது. சிட்கோ தொழிற்பேட்டையின் பட்டறைகளிலிருந்து ஒரு முறையினர் கைகழுவிக்கொண்டு வெளியே வரும்போது, அடுத்த முறையினர் சாப்பாட்டுப் பையுடன் உள்ளே நுழைகின்றனர். ஆவின் பால்பண்ணையின் வண்டிகள் விடியுமுன்னரே சாலையில் ஓடத் தொடங்கிவிடும். ஏரிக்கரைப் பக்கம் காற்று வாங்கச் சென்றாலும் தகடு வெட்டும் இயந்திரங்களின் ஓசை பின்தொடர்ந்து வரும். இப்பகுதியில் வாழும் நம் குடும்பங்களைச் சந்திக்க வருகின்ற குருவானவர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது தம் கடிகாரத்தைத்தான். ஞாயிறு பூசைக்கு வரவில்லையே என்று ஒருவரைக் கடிந்துகொள்ளுமுன், அவர் எந்த முறையில் வேலை பார்க்கிறார் என்று கேட்க நான் கற்றுக்கொண்டேன். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், பொதுக்காலத்தின் 5-ஆம் ஞாயிறு. அன்றைய நற்செய்தி லூக்கா 5-ஆம் அதிகாரம். இரவெல்லாம் பாடுபட்டும் மீன் ஒன்றும் அகப்படாமல் கெனசரேத்து ஏரிக்கரையில் வலைகளை அலசிக்கொண்டிருக்கும் இராயப்பரின் படகில் நம் ஆண்டவர் ஏறி அமர்கின்றார். (இன்றைய மொழிபெயர்ப்பில் அவர் பேதுரு. 1995-இல் திருவிவிலியம் வெளிவந்தபோது நான் பூந்தமல்லித் திரு இருதயக் குருமடத்தில் மாணவன். புதிய பெயர்களையெல்லாம் ஆர்வத்தோடு மனனம் செய்தேன். ஆயினும் என் பாட்டியாரின் செபப்புத்தகத்தில் அவர் இராயப்பராகவே இருந்தார். என் நாவிலும் அவ்வாறே தங்கிவிட்டார்.) இரவு முறை முடித்துச் சிவந்த கண்களோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களைப் பார்த்தபோது, இந்த நற்செய்தி அவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் எனக்குத் தோன்றியது. பிரசங்கமும் அன்று நன்றாகவே அமைந்தது. நானே சொல்லிக்கொள்வதற்கு வாசகர்கள் பொறுத்தருள்க. அந்தப் பிரசங்கத்திற்காக நான் பின்னர் வெட்கப்பட நேர்ந்தது.

நான் சொன்னது இதுதான். இராயப்பர் தொழில் தெரிந்தவர். எந்த நேரத்தில் வலை வீசலாம், எந்த நேரத்தில் வீசக் கூடாது என்பது அவருக்கு அத்துபடி. கரையிலிருந்து வந்த தச்சர் ஒருவர், விடிந்த பிறகு ஆழத்திற்குப் போய் வலையைப் போடு என்கிறார். அனுபவம் ஒன்றைச் சொல்கிறது. ஆண்டவருடைய சொல் வேறொன்றைச் சொல்கிறது. தம் அனுபவத்தை மறைக்காமல் ஆண்டவரிடம் எடுத்துரைத்துவிட்டு, பிறகு அவர் சொன்னபடியே இராயப்பர் செய்கிறார். முதலில் கீழ்ப்படிதல், மீன் பிறகு. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் குருமடத்தில் படித்தவன் அல்லவா? இலத்தீன் மொழியில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல், செவிமடுத்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்றும் விளக்கினேன். உண்மையில் அதற்கு இலத்தீன் வரை போக வேண்டியதே இல்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்று நம் தாய்மார்கள் சொல்வது எந்தப் பிள்ளையை? காதால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளையையா? தமிழில் கேட்பது என்றாலே பாதி செய்வதுதான்.

அந்த ஆண்டின் தவக்காலத்தில் எங்கள் அன்பியக் கூட்டங்களில் யோபுவின் நூலைத் தொடர்ந்து வாசிப்பது என்று முடிவு செய்தோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மே 15-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், நம் தேவசகாயத்தைப் புனிதராக அறிவிக்கவிருந்தார்கள். இந்தியாவின் பொதுநிலையினருள் அந்நிலைக்கு உயர்த்தப்படும் முதல்வர் அவரே. அவருடைய மனமாற்றம் யோபுவின் கதையில் தொடங்கியது என்பதை நம் குடும்பங்களில் பலர் அறிந்திருக்கவில்லை.

நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்த நீலகண்டர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்தவர். குறைவில்லாத வாழ்வு. ஒரு காலகட்டத்தில் அவருடைய கால்நடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன, பயிரும் பொய்த்தது. என்ன குற்றம் செய்தோம் என்று மனம் சோர்ந்திருந்த அவரிடம் யோபுவின் கதையை எடுத்துரைத்தவர் எஸ்தாக்கியுஸ் டி லனாய். அவர் யார்? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் வந்து, 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்று, மன்னரிடம் சிறைப்பட்ட கத்தோலிக்கர். பின்னாளில் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்காலத்தில் நம் மக்கள் கையில் விவிலியம் கிடையாது. எல்லாவற்றையும் இழந்த ஒரு மனிதனின் கதையை, போரில் தோற்று நாடிழந்த ஒருவர், மாடிழந்த இன்னொருவருக்கு வாய்மொழியாகச் சொன்னார். அதுவே அங்கு நிகழ்ந்த விவிலிய வகுப்பு.

1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். இலாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. மனைவி பார்கவி அம்மையாரும் ஞானப்பூ என்ற பெயருடன் திருமறையில் சேர்ந்தார். 1749-இல் தேவசகாயம் அரச துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். எருமையின்மீது பின்புறம் நோக்கி அமர்த்தப்பட்டு ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருமுழுக்கிலிருந்து குண்டுபட்ட நாள் வரை கணக்கிட்டுப் பாருங்கள்: 6 ஆண்டுகள், 8 மாதங்கள்.

இதை நான் அன்பியத்தில் விவரித்தபோது, வயதில் மூத்த அம்மையார் ஒருவர், "கடைசியில் யோபுவுக்கு எல்லாம் ரெண்டு மடங்காக் கிடைச்சுதே சாமி, அதுதானே முக்கியம்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நாங்கள் அன்று 42-ஆம் அதிகாரத்தை வாசித்து முடித்திருந்தோம். 7,000 ஆடுகள் 14,000 ஆயின. 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. 500 ஏர் மாடுகள் 1,000 ஏர் மாடுகள் ஆயின. எல்லோரும் தலையசைத்தனர். ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்த அன்பர் ஒருவர் மட்டும், "பிள்ளைங்க ரெட்டிப்பாகலையே சாமி. ஏழு பையன், மூணு பொண்ணு. முதலில் இருந்த கணக்குதான். செத்தவங்க திரும்பி வரலையே" என்றார்.

நான் இருபதாண்டுகளுக்கு மேல் யோபுவின் நூலைப் படித்தும் போதித்தும் வந்தவன். அந்தக் கணக்கை அதுவரை கவனித்ததில்லை. ஆடுமாடுகள் இருமடங்காகின்றன, பிள்ளைகள் மட்டும் அதே பத்துப்பேர். ஆடு போனால் வேறு ஆடு. பிள்ளை போனால் வேறு பிள்ளையா? நூலாசிரியருக்கு அது தெரிந்தே இருக்கிறது. அதனால்தானோ என்னவோ அந்த மூன்று பெண்களின் பெயர்களை மட்டும் மறவாமல் குறித்து வைத்திருக்கிறார். சகோதரர்களோடு அவர்களுக்கும் தந்தை சொத்தில் பங்கு கொடுத்ததையும் சொல்கிறார். நான் ஏதோ பதில் சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின் அந்த அன்பர் என்னோடு நடந்து வந்தார். இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அவர் என்னிடம் பேசியது ஒப்புரவு அருட்சாதனத்தில் அன்று, தெருவில். எழுதிக்கொள்ள எனக்கு அனுமதியும் தந்திருக்கிறார், பெயரில்லாமல்.

அவர் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் இயந்திரங்களுக்கு டை பொருத்தும் செட்டர். தகட்டை வைத்து எடுக்கிற கைகள் டையின் கீழிருந்து வெளியே வந்த பின்னரே இயந்திரத்தின் மேற்பாகம் இறங்க வேண்டும். அதற்காகவே இரண்டு பொத்தான்களை ஒன்றுக்கொன்று எட்டத்தில் வைத்திருப்பார்கள். இரண்டு கைகளாலும் இரண்டையும் ஒருசேர அழுத்தினாலன்றி இயந்திரம் இறங்காது. பழைய இயந்திரங்களில் ஒரு பொத்தானை அழுத்தியபடியே கம்பியால் கட்டிவிட முடியும். அப்போது ஒரு கை இயக்கும். மறு கை அடுத்த தகட்டை வைத்துக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை ஏறும். மேற்பார்வையாளர் கட்டச் சொன்னார், இவர் கட்டினார். நான்கு நாள் கழித்து, ஒடிசாவிலிருந்து வந்து ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்த இருபது வயதுப் பையன் ஒருவன் தன் வலக்கையில் மூன்று விரல்களை இழந்தான்.

இப்போது விசாரணை வந்திருக்கிறது. கம்பியைக் கட்டியவன் அந்தப் பையனே என்று எழுதிய காகிதத்தில் இவர் கையெழுத்திட வேண்டும். பையனின் பெயர் எந்தக் காப்பீட்டிலும் இல்லை. அந்நாளில் நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், உயிரிழப்பும் முழு நிரந்தர ஊனமும் அல்லாத காயங்களில், பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளியே வேண்டுமென்று அகற்றினான் எனக் காட்டினால் இழப்பீட்டை மறுக்க இடமிருந்தது. அந்தக் கையெழுத்தின் விலை அதுதான். கையெழுத்திட்டால் இவர் வேலை நிலைக்கும், இல்லையேல் போகும். இவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு.

வாசகர்களே, நான் அன்று சொன்ன பதிலை மறைக்காமல் எழுதுகிறேன். "அவசரப்பட வேண்டாம். மருத்துவ விடுப்பு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தும் போட வேண்டாம். எதிர்த்தும் பேச வேண்டாம். நான் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுப் பார்க்கிறேன். குடும்பத்தைக் காப்பதும் கடமைதானே? ஆண்டவர் வழிகாட்டுவார்" என்றேன். ஒவ்வொரு சொல்லும் சரியான சொல். விவேகம் தலையாய நற்பண்புகள் நான்கனுள் ஒன்று என்று அறநெறி இறையியலில் படித்தவன் நான். ஆயினும் ஆண்டவர் வழிகாட்டுவார் என்ற வாக்கியத்தை அன்றிரவு நான் ஒரு தாழ்ப்பாளைப் போலப் பயன்படுத்தினேன். அதைப் போட்டுவிட்டால் கதவு சாத்தியாயிற்று. நானும் உறங்கப் போகலாம்.

அவர் சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு கேலியில்லாமல், ஐயம் கேட்கும் மாணவனைப் போலக் கேட்டார்: "சாமி, பிப்ரவரி மாசம் வலை போடுறதைப் பத்திப் பிரசங்கம் வெச்சீங்களே, அதில இராயப்பர் ஒரு வாரம் லீவு கேட்டதாச் சொல்லலையே?"

நான் விடைபெற்று அறைக்கு வந்தேன். யோபுவின் நூல் மேசைமேல் திறந்தபடியே இருந்தது. யோபுவின் நண்பர்கள் மூவரும் வந்தவுடன் ஏழு பகல் ஏழு இரவு ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அந்த மட்டும் அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்த பிறகுதான் கெட்டது. அவர்கள் பேசியவற்றில் பெரும்பகுதி, தனியே எடுத்துப் பார்த்தால், எந்த மேடையிலும் பேசத்தக்க நல்ல பிரசங்கமே. ஆனால் இறுதியில் ஆண்டவர் சினம் கொள்வது யார்மேல்? பிறந்த நாளைச் சபித்து, கடவுளையே வழக்குக்கு இழுத்த யோபுவின்மேல் அன்று. அவருக்காக வாதாடிய நண்பர்கள்மேல். துன்புறுகிறவன் அழுதுகொண்டாவது கடவுளோடு பேசினான். நண்பர்களோ கடவுளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு அந்த மூவரோடு நான்காவதாக நானும் அமர்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் விசாரணைக்குச் சென்று, "கம்பியைக் கட்டியது நான். கட்டச் சொன்னார்கள், கட்டினேன். அது எதற்காக இருக்கிற பொத்தான் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார். மேற்பார்வையாளர்மேல் முழுப் பழியையும் போட்டிருக்கலாம், போடவில்லை. தமக்குரிய பங்கைத் தாமே எடுத்துக்கொண்டார். பிறகு திருவள்ளூரில் மருத்துவமனையில் கிடந்த பையனிடம் போய், இந்தி அறிந்த அருட்சகோதரி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டார். பையன் வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு, "உங்களுக்கு வேலை போய்விட்டதா?" என்று மட்டும் கேட்டானாம்.

வேலை போயிற்று. ஏழு மாதங்கள் நிலையான வேலை இல்லை. அவருடைய துணைவியார் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். சீட்டுப் பணம் எடுத்து மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. வின்சென்ட் தே பவுல் சபையார் இரண்டு முறை அரிசி கொடுத்தனர். மூன்றாம் முறை, நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, குறைந்த சம்பளத்திற்கு. வாரம் முழுதும் அங்கேயே ஓர் அறையில் தங்கிச் சனிக்கிழமை இரவுதான் வீடு திரும்புகிறார். பையனுக்கு இழப்பீடு வந்தது, ஓராண்டுக்கும் மேலாயிற்று. மூன்று விரல்களுக்கு எவ்வளவு சரியான தொகை என்பது எனக்குத் தெரியாது.

அந்த ஏழு மாதங்களில் பலர் அவரைத் தேற்றினார்கள். ஆண்டவர் இருமடங்காகத் தருவார் என்றார்கள். புத்தாண்டுத் திருப்பலிக்குப்பின் தட்டிலிருந்து சீட்டு எடுக்கும் வழக்கம் நம் கோயில்களிலும் புகுந்துவிட்டது. அவருக்கு வந்த சீட்டில் செழிப்பைப் பற்றிய வசனம் இருந்ததாக ஒருவர் மகிழ்ந்து சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு விவிலியத்தைத் திறந்து விரல் வைக்கிற இடத்தில் இறைவனின் விடையைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இறைவார்த்தையைக் கிளி சோதிடத்திற்கு இணையாக்குவது எனக்கு ஒப்பவில்லை. சீட்டில் நமக்கு வேண்டியது மட்டுமே அச்சாகிறது. யோபுவின் 3-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனத்தை எடுத்துப் புத்தாண்டுச் சீட்டில் அச்சிட்டவர் எவரையாவது நீங்கள் அறிவீர்களா? நாள்தோறும் ஓர் அதிகாரமாக, பிடித்ததையும் பிடிக்காததையும் வரிசையாக வாசிக்கிற குடும்பத்தில்தான் விவிலியம் நம்மைக் கேள்வி கேட்கத் தொடங்குகிறது. அந்த அன்பர் வீட்டில் அப்படித்தான் வாசிக்கிறார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர், பிள்ளைகள் மாறி மாறி. பசியிருந்தால் சுருக்கமாக வாசிப்பார்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே ஒருமுறை சொன்னார்.

அவரை நான் வேதசாட்சிகளோடு ஒப்பிட வரவில்லை. அவரே அதை விரும்பமாட்டார். முதலில் கம்பியைக் கட்டியதும் அவரே அல்லவா? ஆனால் பிப்ரவரியில் நான் சொல்லாமல் விட்ட ஒன்றை அவருடைய வாழ்க்கையைப் பார்த்துத்தான் லூக்கா நற்செய்தியில் மறுபடி வாசித்துக் கண்டேன். இரண்டு படகுகளும் அமிழும் அளவுக்கு மீன் அகப்பட்டது. அது எல்லோருக்கும் தெரியும். கரைக்கு வந்தவுடன் இராயப்பரும் தோழர்களும் என்ன செய்தார்கள்? எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆண்டவரைப் பின்சென்றார்கள். எல்லாவற்றையும் என்றால் அந்த மீன்களையும்தான்! வாழ்நாளில் காணாத அந்தப் பெரும்பாட்டை அன்று யார் விற்றார்களோ தெரியவில்லை. நான் மீனைக் காட்டி மக்களைக் கீழ்ப்படிய அழைத்தேன்; நற்செய்தியோ மீனைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறது. தேவசகாயத்தின் எருதுகளும் இருமடங்காகத் திரும்பி வந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் பேருந்து ஒன்று ஏற்பாடு செய்து குமரி மாவட்டத்திற்குத் திருப்பயணம் சென்றோம். கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை. அந்த இடத்தில் அவரை ஏற்றிக்கொண்டேன். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் புனிதரின் கல்லறையில் செபித்தோம். காற்றாடிமலையில் மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டி ஓசை எழுப்பிப் பிள்ளைகள் மகிழ்ந்தனர். புலியூர்க்குறிச்சிக்கு அருகில் உதயகிரிக் கோட்டைக்குள் 1777-இல் இறந்த டி லனாயின் கல்லறை இருக்கிறது. கல்லில் இலத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். இலத்தீன் எழுத்துகளை நான் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "இவர் யோபு கதையைச் சொன்னப்ப, இவரே கைதியா இருந்தவர்தானே சாமி?" என்றார். ஆம் என்றேன். "அதான் கேட்டவருக்கு ஏறியிருக்கு" என்றார். வெயில் கடுமையாக இருந்தது. எல்லோரும் நீர் தேடிக் கலைந்தார்கள். நான் மட்டும் அந்தக் கல்லறையின் அருகில் சற்று நின்றேன்.

யோபுவின் நூலில் இன்னுமொன்று உண்டு. அவனுடைய நிலை மாறியது, அவன் தன் நண்பர்களுக்காக மன்றாடிய பிறகு. தன்னைச் சொல்லால் வதைத்தவர்களுக்காக மன்றாடும்படி ஆண்டவர் ஏற்பாடு செய்கிறார். உடல் புண் ஆறிற்றா என்பதைக்கூட நூல் சொல்லவில்லை, அவன் மன்றாடினான் என்று சொல்கிறது. எங்கள் அன்பியத்தில் விசுவாசிகள் மன்றாட்டின்போது அந்த அன்பர் ஒவ்வொரு முறையும் பழைய பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்காக மன்றாடுவார். மேற்பார்வையாளரையும் சேர்த்தே சொல்வார். நல்ல ஆலோசனை சொல்ல வேண்டியவர்களுக்காக என்றும் சில நேரம் ஒரு கருத்தைச் சேர்ப்பார். அது யாருக்கு என்று நான் கேட்டதில்லை. ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் பதில் சொல்கிறேன்.

அந்தப் பையன் ஊருக்குத் திரும்பவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு சரக்குக் கிடங்கின் வாயிலில் இப்போது காவல் வேலை பார்க்கிறான். ஞாயிறு காலையில் பூசைக்கு வரும் வழியில் அந்த அன்பர் அங்கே சற்று நேரம் தங்குவது வழக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிறு, நோயில் பூசுதல் அளித்துவிட்டு அவ்வழியே திரும்பினேன். இருவரும் வாயிற்படியில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். பையன் இடக்கையால் குவளையைப் பிடித்திருந்தான். அன்பர் எழுந்து என்னோடு கோயிலுக்கு நடந்து வந்தார்.

"அவனுக்குத் தமிழ் வராது, உங்களுக்கு இந்தி வராது. வாராவாரம் என்னதான் பேசுவீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசுறதில்ல சாமி. சும்மா கூட உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

முதல் மணி அடித்துவிட்டது. நான் திருவுடை அணிய உள்ளே சென்றேன்.